லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும்: வாசகர் கேள்வி பதில்

மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கரையில் கிடக்கும் விசைப்படகுகளுக்குக் காசிமேட்டில் பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, எஞ்சின் பிரிப்பது, வலை பொத்துவது என்று வேலை மும்முரமாக நடக்கிறது. இந்தச் சமயத்தில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லைஃப் ஜாக்கெட் பற்றியவை. தொழிலுக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தும் வந்திருக்கிறது, லீவு நாளில் படகு சவாரி போகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

என் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். மானியத்தில் வாங்கிய ஜாக்கெட் படகிலேயே இருக்கிறது, ஆனால் போட்டுக்கொள்வதே இல்லை. கேட்டால், "கடல்லயே பொறந்து வளந்தவனுக்கு ஜாக்கெட்டா, பாக்கறவன் சிரிப்பான்" என்கிறார். வலை இழுக்க இடைஞ்சல், வேர்த்துக் கொட்டுகிறது என்றும் சொல்கிறார். எப்படிப் புரியவைப்பது?
*மீனவர் குடும்பத்துப் பெண், காசிமேடு*

அவர் சொல்வதில் பாதி உண்மைதான் அம்மா, அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மீதியைப் பேச முடியும். நெஞ்சில் இரண்டு தடித்த திண்டும் கழுத்தைச் சுற்றி ஒரு காலருமாக வருகிற அந்த ஆரஞ்சு ஜாக்கெட், கப்பல் மூழ்கும்போது பயணிகள் எடுத்து மாட்டிக்கொள்ளத் தோதாகச் செய்த வடிவம். அதைப் போட்டுக்கொண்டு குனிந்து வலை இழுத்தால் திண்டு விளிம்பில் முட்டும், கை முழுசாக மடங்காது, சித்திரை வெயிலில் உள்ளே புழுங்கும். அவர் சோம்பேறித்தனத்தில் சொல்லவில்லை.

ஆனால் நீச்சல் தெரியும் என்கிற அந்த மீதிப் பாதி தவறு. தவறி விழுகிறவர் நீந்துவதற்குத் தயாராக விழுவதில்லை. வலையில் கால் சிக்கி இழுத்துக்கொண்டு போகும், விழும்போது படகு விளிம்பில் தலை அடிபடும், இல்லையென்றால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்குப் போக விளிம்பில் நின்றபோது ஒரு அலை தூக்கிப் போடும். இந்த மூன்றிலும் அவருடைய நீச்சல் எந்த அளவுக்கு உதவும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அடிபட்டு மயங்கியவருக்கு நீச்சல் தெரிந்தும் பயனில்லை. மயங்காதவராகவே இருந்தாலும், கூட இருப்பவர்கள் எஞ்சின் சத்தத்தில் கவனிக்காமல் படகு கொஞ்ச தூரம் போய்விட்டால், அப்புறம் திரும்பி வந்து தேடிக் கண்டுபிடிக்கும் வரைக்கும் அவர் மேலே நின்றாக வேண்டும். அலைக்கு நடுவில் மனுஷத் தலை ஒரு தேங்காய் அளவுக்குத்தான் தெரியும், ராத்திரியில் அதுவும் தெரியாது. நம் கடல் தண்ணீர் வெதுவெதுப்பானது, குளிரில் விறைத்துச் சாவது இங்கே சீக்கிரம் நடக்காது. கை ஓய்ந்து போவதுதான் இங்கே ஆளைக் கொல்கிறது. லைஃப் ஜாக்கெட் போட்டவர் கையைக் காலை ஆட்டாமல் சும்மா கிடக்கலாம், வித்தியாசம் அவ்வளவுதான், அந்த வித்தியாசம்தான் ஆளைக் காப்பாற்றுகிறது.

"படகில் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணூர் பக்கம் ஒரு ஃபைபர் படகில் ஜாக்கெட் எங்கே என்று கேட்டபோது முன்பக்கப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார்கள். நான்கு ஜாக்கெட், வாங்கினபோது இருந்த பிளாஸ்டிக் உறையோடு, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியபடி. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்த முடிச்சு கல்லாகிக் கிடந்தது. விரலால் பிரிக்க முடியாமல் கடைசியில் மீன் வெட்டுகிற கத்தியால் அறுத்தார்கள், அதுவும் கரையில், பகல் வெளிச்சத்தில், படகு ஆடாமல் நிற்கும்போது. ஃபைபர் படகு கவிழ்வது ஒரு அலை வேலை. தண்ணீரில் விழுந்த பிறகு ஜாக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் அதைப் போட்டுப் பட்டை மாட்டுவது பயிற்சி உள்ளவர்களுக்கே கஷ்டம், அது மேலே மேலே நழுவும், ஒரு கையை நுழைத்தால் இன்னொரு பக்கம் போகும். ஆகவே போட்டுக்கொண்டு போவதுதான் வழி, வேறு வழி இல்லை.

சரி, இடைஞ்சலுக்கு என்ன செய்வது? இரண்டு வகை ஜாக்கெட் இருக்கிறது. ஒன்று, வேலை செய்கிறவர்களுக்கென்றே தோள்பக்கம் அகலமாக வெட்டி, திண்டைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துத் தைத்த மெல்லிய வெஸ்ட். கை தாராளமாக ஆடும். மிதப்பு கொஞ்சம் குறைவு, மயங்கியவரை மல்லாக்கத் திருப்பிப் போடாது, ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். இன்னொன்று காற்று நிரம்பும் வகை. கழுத்தில் ஒரு தோள்பட்டி போலத்தான் கிடக்கும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், தண்ணீரில் விழுந்தால் தானே ஊதிக்கொள்ளும். வேர்க்காது, வலை இழுக்கத் தடையில்லை. விலை அதிகம், பராமரிப்பும் வேண்டும். இதில் தண்ணீர் பட்டுக் கரைந்ததும் சிலிண்டரைத் திறந்துவிடுகிற கரையும் வில்லை வைத்த மாடல் மழைக்கும் தெறிக்கிற தண்ணீருக்குமே சில சமயம் ஊதிவிடும். தண்ணீர் அழுத்தத்தில் வேலை செய்கிற மாடல் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் போனால்தான் ஊதும், தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் சரி. மழைக்கோட்டு போட்டால் ஜாக்கெட் அதற்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே இருந்து ஊதினால் நெஞ்சை நெரித்துவிடும். எந்த வகையானாலும் தொங்குகிற பட்டை நுனிகளை உள்ளே செருகிவிடச் சொல்லுங்கள், வலை கண்ணியில் மாட்டுவது அந்த நுனிதான். முனை மழுங்கிய சின்னக் கத்தி ஒன்றை ஜாக்கெட்டிலேயே கட்டிக்கொள்வது நல்லது.

எடுத்த எடுப்பில் நாள் முழுக்கப் போடு என்றால் நடக்காது. முதலில் சில நேரங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்துவாரமோ, அலை உடைகிற இடமோ தாண்டும்போது, பொழுது சாய்ந்த பிறகு, காற்று மாறும்போது, தனியாகப் போகும்போது, சுக்கான் பக்கம் ஒருவர் மட்டும் விழித்திருக்கும்போது. தனியாகப் போகிறவர் அவுட்போர்டு எஞ்சினில் வருகிற அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றை ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். இல்லையென்றால் ஆள் தண்ணீரில், படகு பாட்டுக்கு எங்கோ போய்க்கொண்டிருக்கும். இவ்வளவும் பழகிவிட்டால் மீதி நேரத்துக்குக் கழற்றத் தோன்றாது.

பார்க்கிறவன் சிரிப்பான் என்கிறாரே, அதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். இங்கிலாந்தில் விட்பி என்கிற மீன்பிடி ஊர். அங்கே ஆபத்தில் மாட்டிய கப்பல்காரர்களைக் காப்பாற்றப் போகிற மீட்புப் படகு ஒன்று உண்டு, அதில் போகிறவர்கள் எல்லாரும் கடலே கதி என்று வாழ்ந்த உள்ளூர்க்காரர்கள். 1861 பிப்ரவரி 9-ஆம் தேதி பெரிய புயல். அன்றைக்கே திரும்பத் திரும்பப் பல தடவை போய் ஆட்களை மீட்டுக் கொண்டுவந்தவர்கள், கடைசித் தடவை படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான். புதிதாக வந்திருந்த கார்க் ஜாக்கெட்டை அன்று அவர் போட்டிருந்தார். மற்ற 12 பேரும் அவரைவிடக் கடல் தெரியாதவர்கள் இல்லை. இதை உங்கள் வீட்டுக்காரரிடம், கடலுக்குக் கிளம்புகிற நேரத்தில் இல்லாமல், சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். இன்னும் ஒன்று, படகில் வயதில் மூத்தவரோ, படகை நடத்துகிற ஸ்ராங்கோ முதலில் போட்டுவிட்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும். வீட்டுக்காரரிடம் பேசுவதோடு நிற்காமல் அந்த மூத்தவர் வீட்டிலும் போய் ஒரு வார்த்தை பேசுங்கள்.

லீவுக்குக் குழந்தைகளைப் பழவேற்காட்டுப் பக்கம் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். எங்கே போனாலும் படகில் ஏறும்போது கொடுக்கிற ஜாக்கெட் அழுக்காக, பக்கிள் உடைந்து, பெரியவர் அளவில்தான் இருக்கிறது. எதைப் பார்த்து ஏறுவது?
*இரண்டு குழந்தைகளின் அப்பா, திருவொற்றியூர்*

பழவேற்காடு என்று நீங்கள் எழுதியதும் 2011 டிசம்பர் 25-தான் எனக்கு ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் ஒரே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும் அதில் நிறையப் பேர். உல்லாசமாக ஒரு பொழுது போக்க வந்த குடும்பத்தார். 2024 ஜனவரியில் குஜராத்தில், வதோதரா ஹர்ணி ஏரியில், பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் போனார்கள். அங்கேயும் படகு தாங்குவதற்கு மேல் ஆள், எல்லாருக்கும் ஜாக்கெட் இல்லை. இரண்டுமே கடல் இல்லை, ஏரி. அமைதியான தண்ணீர்தானே என்கிற நினைப்புதான் இப்படி இடங்களில் ஆபத்து.

முதலில் ஏரியில் சவாரிக்கு அனுமதி உள்ள படகா என்று கேளுங்கள். அப்புறம் எத்தனை பேருக்கான படகு, எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் ஜாக்கெட் இருந்தும் ஏறாதீர்கள். கடைசி ஆள் வரை ஜாக்கெட் போட்ட பிறகுதான் படகு கரையை விட்டுக் கிளம்ப வேண்டும், "நடுவுல போய் போட்டுக்கலாம் சார்" என்று சொல்கிற படகு உங்களுக்கு வேண்டாம். மூடிய கீழ்த்தட்டு உள்ள படகென்றால் உள்ளே உட்காரவே கூடாது, திறந்த பக்கமாக உட்காருங்கள். கவிழ்ந்த படகின் உள்ளே ஜாக்கெட் உங்களைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும், வாசலுக்கு முங்கி வர விடாது.

குழந்தைகளுக்குப் பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் விழுந்தவுடன் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே நழுவும், கையிரண்டும் மேலே தூக்கிய நிலையில் உருவிக்கொண்டு வந்துவிடும். கரையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஜாக்கெட்டை மாட்டி எல்லாப் பட்டையும் இறுக்கி, குழந்தையைக் கையைத் தூக்கச் சொல்லி, ஜாக்கெட்டின் இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்குங்கள். குழந்தையும் சேர்ந்து தூக்கப்பட வேண்டும். தோள்பட்டை காது வரைக்கும் ஏறிவிட்டால், தாடை உள்ளே போய்விட்டால், அந்த ஜாக்கெட் அந்தக் குழந்தைக்கு ஆகாது. குழந்தை ஜாக்கெட் எடை கணக்கில்தான் வரும், உள்பக்க லேபிளில் எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை என்று அச்சிட்டிருப்பார்கள். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று பள்ளிச் சீருடை வாங்குகிற கணக்கு இதில் வேண்டாம். கால்களுக்கு நடுவே போகிற பட்டை, தலைக்குப் பின்னால் தாங்குகிற காலர், முதுகுப் பக்கம் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி, மூன்றும் இருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தரம் படகில் ஏறுகிற குடும்பம் என்றால் சொந்தமாக வாங்கிக் கையோடு கொண்டு போவதுதான் நல்லது. நீச்சல் குளத்தில் கையில் மாட்டுகிற காற்றுப் பலூனும், இடுப்பு வளையமும் விளையாட்டுச் சாமான்கள். படகுக்கு ஆகாது.

புடவை கட்டிக்கொண்டு போனால் கால் நடுவே போகும் பட்டையை எப்படிப் போடுவது? படகுக்காரர் அது தேவையில்லை என்று அவிழ்த்துவிட்டார்.
*வாசகி, தண்டையார்பேட்டை*

தேவை. ஜாக்கெட்டைக் கீழே பிடித்து வைப்பது அந்தப் பட்டைதான், அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மூக்கு வரை ஏறி முகத்தை மூடிக்கொள்ளும். படகில் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் சுடிதாரோ பேன்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள், ஆறு கஜம் நனைந்தால் காலைச் சுற்றிக்கொண்டு உதைத்து நீந்த விடாது. அன்றைக்குப் புடவைதான் என்றால் கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திச் செருகி, பட்டையைப் புடவைக்கு மேலேயே தளர்வில்லாமல் மாட்டுங்கள், பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை. முந்தானையும் துப்பட்டாவும் ஜாக்கெட்டுக்கு உள்ளே போக வேண்டும். படம் எடுக்கும்போது நன்றாக இருக்க வேண்டும் என்று ஜாக்கெட்டின் மேலே முந்தானையைப் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன், விழுந்தால் பக்கிளைத் தேடக்கூட முடியாது, தூக்குகிறவருக்கும் பிடி கிடைக்காது.

ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்கும் ஜாக்கெட் இருக்கிறது, மூவாயிரத்துக்கும் இருக்கிறது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறது. என்ன வித்தியாசம்?
*வாசகர், மணலி*

உள்ளே இருக்கிற ஃபோம்தான் வித்தியாசம், அப்புறம் தையலும் பக்கிளும். நல்ல ஜாக்கெட்டில், உள்ளே தனித்தனியாக மூடிய நுண்ணறைகள் கொண்ட, தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் இருக்கும், அமுக்கினால் உடனே எழும்பும். மலிவானதில் டிவி பெட்டிக்குள் வருகிற பேக்கிங் ஃபோமை அடுக்கித் தைத்திருப்பார்கள், சிலதில் தெர்மாகோலே வைத்திருக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது அதுவும் மிதக்கும். மேலே உட்கார்ந்து எழுந்து நசுங்க நசுங்க மிதப்பு குறைந்துகொண்டே போகும்.

லேபிளில் நியூட்டன் என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள், அது இல்லாத ஜாக்கெட்டை வாங்காதீர்கள். பத்து நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கிப் பிடிக்கிற மிதப்பு. 50 என்றால் நீச்சல் தெரிந்தவருக்கு, கரையோரத்தில், பக்கத்தில் உதவி இருக்கும்போது மட்டும், அது மயங்கியவரைத் திருப்பாது. 100 என்றால் ஏரி, கழிமுகம் போன்ற அமைதியான தண்ணீருக்கு. கடலுக்குப் போகிறவர்களுக்கு 150. கனமான உடை, கருவி எல்லாம் மாட்டிக்கொண்டு ஆழ்கடலில் வேலை செய்கிறவர்களுக்கு 275. இந்த அளவுகளுக்கான பன்னாட்டுத் தர எண் ஐஎஸ்ஓ 12402, அது அச்சிட்டிருக்க வேண்டும். இந்தியக் கப்பல் பதிவு அமைப்பான ஐஆர்எஸ்ஸின் முத்திரையோ, கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒப்புதல் எண்ணோ இருந்தால் இன்னும் நல்லது. நிறம் ஆரஞ்சு அல்லது மஞ்சள். நீலமும் கறுப்பும் படத்துக்கு அழகு, கடலில் கண்ணுக்குத் தெரியாது. தோளில் வெள்ளி நிறத்தில் ஒளி திருப்பும் பட்டையும், கயிற்றில் கட்டிய விசிலும் கட்டாயம்.

வாங்கின பிறகு சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பெரிய தண்ணீர் டிரம்மில், 100 நியூட்டன் என்று போட்ட ஜாக்கெட்டில் மளிகைக் கடை இரும்பு எடைக்கல் ஐந்து கிலோவில் இரண்டைச் சேர்த்துக் கட்டி விடுங்கள். மூழ்கக் கூடாது. இரும்பு தண்ணீருக்குள் கொஞ்சம் எடை குறைந்து, எட்டே முக்கால் கிலோ போலத்தான் இழுக்கும், அதைத் தாங்காத ஜாக்கெட் சொன்ன அளவு இல்லை. அப்படியே ஒரு நாள் ஊற விடுங்கள். கப்பல் ஜாக்கெட்டுகளுக்கான விதிப்படி 24 மணி நேரம் நல்ல தண்ணீரில் கிடந்த பிறகு மிதப்பில் 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. மறுநாள் காலையில் உங்களுடையது டிரம்முக்கு அடியில் கிடந்தால் காசைத் திருப்பிக் கேளுங்கள், திருப்பிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதை அறுத்து எறிந்துவிடுங்கள், வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

நான் 110 கிலோ. என் எடையை இது எப்படித் தாங்கும்?
*வாசகர், கொருக்குப்பேட்டை*

தாங்கும். தண்ணீரில் உங்கள் உடம்பின் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடுகிறது, தலையை மேலே வைத்துக்கொள்ள ஒரு பெரிய ஆளுக்கும் மூன்றிலிருந்து ஐந்தரை கிலோ மிதப்புதான் கூடுதலாக வேண்டும். பருமனானவர்கள் கொழுப்பினால் இன்னும் நன்றாகவே மிதப்பார்கள், கட்டுமஸ்தான ஒல்லி ஆள்தான் சீக்கிரம் இறங்குவார். நீங்கள் பார்க்க வேண்டியது மார்புச் சுற்றளவு. பட்டை முழுசாகச் சுற்றி, மூடி, இறுக்கக்கூடிய அளவில் வாங்குங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறேன். படகில் இல்லையே, எனக்கும் வேண்டுமா?
*வாசகர், கத்திவாக்கம்*

வேண்டும், உங்களுக்குத்தான் இன்னும் அவசரமாக வேண்டும் என்பேன். கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். மணிக்கணக்கில் சின்ன அலையாக வந்துகொண்டிருக்கும் கடல் திடீரென்று பெரிய அலையாக இரண்டு மூன்றை அடுத்தடுத்து அனுப்பும், அந்த நேரம் நீங்கள் மீனைக் கழற்றிக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருப்பீர்கள். விழுந்தால் பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பி கையைக் காலைக் கிழிக்கும், ஏறி வர விடாது, அடுத்த அலை தூக்கி அதே பாறையில் அடிக்கும். இங்கே ஃபோம் வெஸ்ட்தான் நல்லது. மிதப்பதோடு விலாவுக்கும் முதுகுக்கும் மெத்தை மாதிரி தாங்கும், காற்று வகையைப் பாறை குத்திவிடும். விழுந்துவிட்டால் உடனே பாறையில் ஏறப் பார்க்காதீர்கள், அலை அடிக்கிற இடத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே விலகி மிதந்துகொண்டு விசில் அடியுங்கள்.

கூட இருப்பவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றக் குதித்தவரும் போன செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம். மூடி இறுக்கின காலி கேன் ஒன்றும் நீளமான கயிறும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், கேனைக் கயிற்றில் கட்டி அவருக்குப் பக்கத்தில் எறிய வேண்டும். கேனுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டால் காற்றில் அலையாமல் குறி பார்த்துப் போகும்.

நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கடலில் குளிக்கலாமா?
*கல்லூரி மாணவர், ராயபுரம்*

கூடாது. ஜாக்கெட் உங்களை மூழ்க விடாது, ஆனால் கரையிலிருந்து உள்ளே இழுக்கிற நீரோட்டத்தை நிறுத்தாது. மிதந்தபடியே வெளியே போய்விடுவீர்கள். நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், அதுவரை கடலைக் கரையில் நின்று பாருங்கள்.

படகு கவிழ்ந்துவிட்டது, ஜாக்கெட் போட்டிருக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லையே?
*விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு*

நல்ல கேள்வி. முதல் ஒரு நிமிஷம் எதுவும் செய்யாதீர்கள், மூச்சைச் சீராக்கி நிதானத்துக்கு வாருங்கள், பட்டைகள் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு படகைப் பிடியுங்கள். கவிழ்ந்து மிதக்கிற படகை விட்டுவிட்டுக் கரை தெரிகிறதே என்று நீந்தக் கிளம்புவதுதான் பெரிய ஆபத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் தெரிகிற கரை உண்மையில் வெகு தூரம், நீரோட்டம் வேறு. தேடி வருகிறவர்களுக்கும் ஆளைவிடப் படகுதான் முதலில் தெரியும். வலையும் கயிறும் மிதந்தால் அதைவிட்டு விலகியே இருங்கள். படகு மூழ்கிவிட்டால் எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டமாக நெருங்கி நில்லுங்கள், சின்னப் பையன்களும் அடிபட்டவர்களும் நடுவில். தனியாக இருந்தால் முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிக் கையால் கட்டிக்கொள்ளுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரானாலும் ராத்திரி முழுக்கக் கிடந்தால் உடம்புச் சூடு இறங்கத்தான் செய்யும். எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கத்திக் கத்தித் தொண்டையை இழக்காமல் விசிலை ஊதுங்கள்.

இதெல்லாம் வேலை செய்வது, நீங்கள் இல்லாததை யாராவது கவனித்தால்தான். எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒருவரின் செல்லில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸின் 1093, பொது அவசரத்துக்கு 112 என்ற மூன்று எண்ணும் இருக்கட்டும். சொன்ன நேரம் தாண்டினால், "எஞ்சின் மக்கர் பண்ணியிருக்கும், வந்துடுவாங்க" என்று விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி படகில் இருந்தால், பொத்தான் எது என்று டிரைவருக்கு மட்டும் இல்லாமல் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜாக்கெட்டை எப்படித் துவைப்பது? எத்தனை வருஷம் வரும்?
*வாசகி, புதுவண்ணாரப்பேட்டை*

துவைக்கவே வேண்டாம், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசினால் போதும். வாஷிங் மெஷின், பிளீச்சிங், டீசல் துடைத்த துணி எதுவும் கிட்டே வரக் கூடாது. நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள், மொட்டை மாடி வெயில் துணியையும் நூலையும் அரித்துவிடும், நிறம் வெளுத்துவிட்டதென்றால் நூலும் இற்றுப்போயிருக்கும் என்று அர்த்தம். தலைக்கு வைத்துப் படுப்பதும் மேலே உட்காருவதும்தான் ஃபோமைக் கொல்கிற இரண்டு பழக்கம், படகில் எல்லாருமே செய்கிறார்கள். அமுக்கினால் எழும்பாமல் குழி விழுந்து நின்றால், தையல் விட்டிருந்தால், பக்கிள் பல் உடைந்திருந்தால் வருஷக் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

காற்று வகையென்றால் வருஷத்துக்கு ஒரு தரம் வாயால் ஊதி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், காலையில் தளர்ந்திருக்கக் கூடாது. சிலிண்டரைக் கழற்றி நகைக்கடைத் தராசு மாதிரி நுணுக்கமானதில் நிறுத்து, அதன் மேலேயே பொறித்திருக்கிற எடையோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ புதுசு வாங்கி மாட்டுங்கள். கரையும் வில்லை உள்ள மாடலில் வில்லையிலும் தேதி இருக்கும், அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.